தீக்குச்சியின் தலைநகரில் ஆறு ராத்திரி

விசாவுக்குக் காகிதம் சேர்க்க உட்கார்ந்த அன்றுதான் இந்த நோட்டைத் தொடங்கினேன். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, போக வர டிக்கெட். எல்லாவற்றையும்விட முக்கியமாக, எங்கே தங்கப் போகிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி. அதனால் முதல் பக்கத்தில் ஒரே கேள்வி: ஸ்டாக்ஹோமில் எங்கே தங்குவது?

*

ஏன் ஸ்டாக்ஹோம் என்று விருதுநகரில் கேட்காதவர் இல்லை. டீக்கடையில் ஒருவர், "அண்ணாச்சி, சிங்கப்பூர் போனாலாவது சாப்பாடு கிடைக்கும்" என்றார். சிவகாசியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆப்செட் பிரஸ்ஸில் தீப்பெட்டி லேபிள் அடித்தவன் நான். அம்மா சாத்தூர் பக்கத்துக் கிராமத்தில், திண்ணையில் பசைச் சட்டியோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டி எங்களைப் படிக்க வைத்தாள். பாதுகாப்புத் தீக்குச்சி பிறந்த ஸ்வீடனை ஒரு தரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

*

அக்கா மகன் அங்கே இருக்கிறான். கிஸ்டாவில், எரிக்சன் கம்பெனி இருக்கிற பக்கம், கம்ப்யூட்டர் வேலை. "மாமா, வாங்க. ஆனா என் ரூம்ல இன்னொரு ஆள் படுக்க இடமில்ல. வீட்டுக்காரங்களும் ஒத்துக்க மாட்டாங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டான். அவன் மேல் வருத்தமே இல்லை. ஸ்டாக்ஹோமில் முறைப்படி வாடகை வீடு வேண்டுமென்றால் நகராட்சியின் வீட்டு வரிசையில் பேரைப் பதிய வேண்டும். எட்டு, ஒன்பது வருஷம் காத்திருப்பது அங்கே சாதாரணம். அதுவரை, வேறொருவர் வாடகைக்கு எடுத்த வீட்டில் உள்வாடகைக்கு இருப்பார்கள். ஒரு வருஷத்தில் மூன்று தரம் பெட்டியைத் தூக்கியிருக்கிறான். இங்கே அக்கா, "பையன் வெளிநாட்டுல சொகமா இருக்கான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இதை நான் சொல்லவில்லை.

*

மூன்று இடம் பார்த்து வைத்தேன்.

ஒன்று, ஆர்லாண்டா விமான நிலையத்திலேயே நிற்கும் ஜம்போ ஜெட். ஓய்வு பெற்ற 747 விமானத்தை 2009இல் தங்கும் விடுதியாக்கினார்கள். நடுராத்திரி இறங்குகிறவர்களுக்கு நல்லது. நகரத்துக்கு வெகு தூரம்.

இரண்டு, ஷெப்ஸ்ஹோல்மென் தீவில் கட்டி நிறுத்தியிருக்கும் ஆஃப் ஷாப்மான் என்ற பாய்மரக் கப்பல். 1888இல் இங்கிலாந்தில் கட்டியது. 1949 முதல் இளைஞர் விடுதி. வெள்ளைக் கப்பல், மூன்று பாய்மரம், நேர் எதிரே அரண்மனை. மருமகன் இதைத்தான் சொன்னான்.

மூன்றாவது, லாங்ஹோல்மென் தீவின் பழைய ஜெயில். இதைத்தான் எடுத்தேன். காரணம் பின்னால் வருகிறது.

*

நடுவில் ஒரு தப்பு செய்தேன். முதல் ராத்திரிக்கு மட்டும் மலிவாக இருக்கிறதென்று ஆன்லைனில் ஒரு தனியார் அறையைப் பிடித்தேன். போய் இறங்கினால் கதவில் சாவி கிடையாது, எண் பூட்டு. அவர்கள் அனுப்பிய எண் திறக்கவில்லை. போனையும் யாரும் எடுக்கவில்லை. படிக்கட்டில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்ததால் பயம் தெரியவில்லை. மருமகன் வந்து கூட்டிப்போய், தான் தரையில் படுத்து எனக்குக் கட்டிலைக் கொடுத்தான். ஆகவே, பிள்ளைகளே, வரவேற்பில் ஆள் உட்கார்ந்திருக்கிற இடமாகப் பார்த்து முதல் ராத்திரிக்குப் பதிவு செய்யுங்கள்.

*

லாங்ஹோல்மென் போக மெட்ரோவில் சிவப்புத் தடத்தில் ஏறி ஹூர்ன்ஸ்துல்லில் இறங்க வேண்டும். பிறகு நடை, ஒரு சின்னப் பாலம். தீவு முழுக்க மரம். ஆதியில் இது மொட்டைப் பாறையாம். கைதிகள் ஏரி அடியிலிருந்து சேற்றை அள்ளி வந்து கொட்டி, மண் பரப்பி, மரம் வைத்திருக்கிறார்கள். அந்த நிழலில் இன்று ஜனங்கள் ஜமுக்காளம் விரித்துப் படுத்திருக்கிறார்கள்.

1724இலேயே இங்கே பெண்களை அடைத்து நூல் நூற்க வைத்த விடுதி இருந்தது. பிறகு வந்த பெரிய ஜெயில் 1975இல் மூடப்பட்டது. 1989 முதல் ஹோட்டலும் விடுதியும். ஸ்வீடனில் கடைசியாக மரண தண்டனை நிறைவேற்றியதும் இங்கேதான், 1910இல்.

என் அறை பழைய கொட்டடி. அடுக்குக் கட்டில், சின்ன மேஜை, தலைக்கு மேலே ஜன்னல், கனத்த கதவு. கதவின் உட்பக்கம் ஒரு காகிதம் மாட்டியிருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். பட்டாசு ஊர்க்காரன் கண் அங்கேதான் போகும். அந்தத் தளத்தின் வரைபடம். நான் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி. தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், அந்த வழி அடைத்தால் வேறெந்த வழி, வெளியே போய் எங்கே கூட வேண்டும் என்று பச்சை அம்புக்குறி. ஆட்களை உள்ளேயே வைத்திருப்பதற்காகக் கட்டிய வீட்டில், எப்படி வெளியேறுவது என்ற படம்.

*

விடுதி விஷயங்கள், போகிறவர்களுக்கு உதவும்:

ஸ்வீடன் விடுதிகளில் கட்டிலுக்கு ஒரு காசு, விரிப்புக்குத் தனிக் காசு. நான் அருப்புக்கோட்டைத் தறியில் நெய்த துப்பட்டி இரண்டு கொண்டுபோனேன். அந்தப் பணம் மிச்சம். நான் போனபோது ஒரு குரோனா நம் கணக்கில் எட்டு, ஒன்பது ரூபாய். ஒரு டீ குடிக்கும்போதும் மனசு பெருக்கிப் பார்க்கும்.

நோட்டு, சில்லறை மாற்றிக்கொண்டு போக வேண்டாம். பஸ்ஸில் வாங்க மாட்டார்கள், பல கடைகளிலும் வாங்க மாட்டார்கள். எல்லாம் கார்டுதான்.

குழாய்த் தண்ணீர் அருமை. பாட்டில் வாங்காதீர்கள்.

பொதுச் சமையலறை உண்டு. சோறு வடித்துப் பருப்புப் பொடி போட்டு ஆறு நாளும் சாப்பிட்டேன். சாத்தூர் காராச்சேவு தொட்டுக்க. சமைத்தவர் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், அது கண்டிப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொண்டுபோகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பண்டம் கொண்டு நுழையக் கூடாது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள், நம்மைப் போலவே. அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஜூன் மாதம் சூரியன் பத்து மணிக்கு மேல் இறங்கி, மூன்றரைக்கு ஏறிவிடுகிறது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

*

நம் தீப்பெட்டியை விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள். அதனால் வெறும் லேபிள்கள் கொண்டுபோனேன், ஒரு பழைய ஆல்பத்தில் ஒட்டி. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் காட்டினேன். அவள் மேஜைக்கு அடியிலிருந்து தன் தீப்பெட்டியை எடுத்து வைத்தாள். சோல்ஸ்டிக்கான். சூரியனைப் பார்த்து நடக்கும் ஒரு சின்னப் பையனின் படம். ஐனார் நேர்மன் 1936இல் வரைந்தது, இன்றுவரை மாற்றவில்லை. அந்தப் பெட்டி விற்கும் காசில் ஒரு பங்கு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்குமான அறக்கட்டளைக்குப் போகிறது. லேபிள் அடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு மூன்று நிறத்தில் இவ்வளவு சுத்தமான படம் அபூர்வம்.

ஒரு குச்சியை எடுத்து உரசச் சொன்னாள். உரசினேன், எரியவிட்டு ஊதினேன். நுனியில் கங்கு நிற்கவில்லை. சட்டென்று கறுத்துவிட்டது. அணைந்த பிறகு கனலாமல் இருக்கக் குச்சியை முன்பே மருந்துத் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். நம் குச்சி கேரளத்திலிருந்து வரும் மட்டிமரம்; அவர்களுடையது ஆஸ்ப் என்ற மரம். விரலில் உருட்டினால் எடை வித்தியாசம் தெரிகிறது.

தீக்குச்சிக்கு அவர்கள் பாஷையில் "தேந்த்ஸ்டிக்கா". தேந்தா என்றால் பற்றவை, ஸ்டிக்கா என்றால் குச்சி. தமிழிலும் அதே தீ, அதே குச்சி.

*

பாஷ் என்பவரைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். குஸ்தாவ் எரிக் பாஷ், ஸ்வீடன் வேதியியல்காரர். அவருக்கு முன்னால் குச்சித் தலையிலேயே வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. எதில் உரசினாலும் பற்றும். சட்டைப் பையில் கிடந்தும் பற்றும். அதைச் செய்த தொழிலாளிகளின் தாடை எலும்பை அந்தப் பாஸ்பரஸ் அரித்துத் தின்றது. பாஷ் 1844இல் ஒன்று செய்தார். பாஸ்பரஸைத் தலையிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார், அதுவும் விஷமில்லாத சிவப்புப் பாஸ்பரஸாக. பற்றுகிற இரண்டு பொருளையும் பிரித்து வைத்தார். இரண்டும் நாம் சேர்க்கும்போது மட்டும் சேரும். பாதுகாப்புத் தீக்குச்சி என்பதன் சாரம் முழுவதும் இவ்வளவுதான்.

அதை விற்கும்படி செய்து காட்டியவர்கள் யோன்ஷோப்பிங் ஊரின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள். 1855 பாரிஸ் கண்காட்சியில் பரிசு வாங்கினார்கள்.

*

யோன்ஷோப்பிங்குக்கு ஒரு நாள் போய் வந்தேன். ரயில், நெஷோவில் மாற வேண்டும், போக மட்டும் மூன்றரை மணி நேரம். 1848இல் கட்டிய பழைய தொழிற்சாலைதான் இப்போது தீப்பெட்டி அருங்காட்சியகம். பெரிய இயந்திரங்களை எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். நான் நின்றது வேறு விஷயத்தின் முன்னால். அந்தக் காலத்தில் பெட்டி ஒட்டும் வேலையைத் தொழிற்சாலை வீடுகளுக்குக் கொடுத்தது. ஏழைப் பெண்கள், கூடவே பிள்ளைகள், மர ஏட்டை மடித்து, காகிதம் சுற்றி, பசை தடவி.

என் அம்மா செய்தது அதேதான். பெருவிரலால் மடிப்பை ஒரு தரம் அழுத்துவாள். நகத்தின் ஓரத்தில் பசை காய்ந்து வெள்ளையாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது. கணக்கு குரோஸில். 144 பெட்டி ஒரு குரோஸ். நானும் தங்கையும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கை கொடுப்போம். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போன பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அவர்கள் படிப்பு அதோடு நின்றது. உச்ச நீதிமன்றம் 1990இலும் 1996இலும் சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு அது காலம் கடந்து வந்தது.

அந்த அருங்காட்சியகத்தில் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவைக் கூட்டி வந்திருக்கலாம் என்று தோன்றியது. அவள் போய்ப் பத்து வருஷம் ஆகிறது.

*

ஸ்டாக்ஹோமின் நடுவில், குங்ஸ்ட்ரேகோர்டன் பூங்கா அருகே, "தீக்குச்சி அரண்மனை" என்றே பெயர் பெற்ற கட்டடம் உண்டு. 1928இல் முடித்தார்கள். கட்டியவர் இவார் தெங்போம். நோபல் பரிசு கொடுக்கும் நீலநிறக் கச்சேரி மண்டபமும் அவர் கட்டியதுதான். கட்ட வைத்தவர் இவார் குரூகர். உலகத் தீப்பெட்டி உற்பத்தியில் பாதிக்கு மேல் கையில் வைத்திருந்த ஆள். அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டில் தீப்பெட்டி விற்கும் தனியுரிமையை வாங்கிக்கொள்வார். 1929இல் ஜெர்மனிக்கு மட்டும் 12.5 கோடி டாலர். 1932 மார்ச்சில் பாரிஸில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தார். கணக்கைப் பிரித்தால் பொய்க்கணக்கு.

இந்தியாவுக்கும் குரூகரின் கம்பெனி வந்தது. 1922இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டார்கள். உடனே 1923இல் விம்கோ என்ற பெயரில் இங்கேயே தொழிற்சாலை. சென்னையில் விம்கோ நகர் மெட்ரோ நிலையத்தில் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் ஸ்வீடன்காரன் வைத்துவிட்டுப் போனது என்று தெரியும்?

அதே 1922இல்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள், தீப்பெட்டித் தொழில் கற்க. மறு வருஷம் திரும்பி வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் பூமி. வேறு பிழைப்பு இல்லை. உலகத்தையே வளைத்த கம்பெனி இயந்திரத்தோடு ஒரு பக்கம். எங்கள் பக்கம் கையும் பசைச் சட்டியும். நம் ஊர் நின்றது. அந்த அரண்மனை வாசலில் நின்றபோது இதை நினைத்துப் பெருமைப்பட்டேன். வெறும் பெருமை மட்டும் என்று சொல்ல மனசு வரவில்லை. யாருடைய கையால் நின்றது என்பதும் எனக்குத் தெரியும்.

*

இப்போது லாங்ஹோல்மெனை ஏன் எடுத்தேன் என்பது.

விடுதியிலிருந்து இறங்கினால் போல்சுண்ட் என்ற ஒடுங்கிய நீர்வழி. இரு கரையிலும் பழைய மரப் படகுகள். எதிர்க்கரையில் அடுக்கு வீடுகள், சைக்கிள், குழந்தை வண்டி. அந்தக் கரைக்கு ஹெலனெபோர்க் என்று பெயர். 1864 செப்டம்பர் 3 அன்று அங்கே நோபல் குடும்பம் வைத்திருந்த நைட்ரோகிளிசரின் கொட்டகை வெடித்தது. ஆல்ஃபிரட் நோபலின் தம்பி எமில் செத்துப்போனான். இருபது வயது. அவனோடு இன்னும் சிலர். பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம்.

நோபல் என்றால் பரிசு என்று படித்திருக்கிறோம். எனக்கு அந்தக் கரையில் நின்றபோது அது ஒரு வெடி ஆபீஸ் குடும்பமாகத்தான் தெரிந்தது. மருந்தில் கை வைத்த வீடு, பிள்ளையைப் பறிகொடுத்த வீடு.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஊருக்குள் இந்த வேலை கூடாது என்று நகரம் தடுத்துவிட்டது. நோபல் ஏரி நடுவே படகில் வைத்துச் செய்தார். 1865இல் நகரத்துக்கு வெளியே வின்டர்விக்கன் என்ற பள்ளத்தாக்குக்குப் போனார். சுற்றிலும் பாறை மேடு. லாங்ஹோல்மெனிலிருந்து கரையோரமாக நடந்தே போனேன். இப்போது தோட்டம், பழைய அமிலத் தொழிற்சாலையில் காப்பிக் கடை. அங்கேயும் விபத்து நடந்தது, ஆள் செத்தது. ஆனால் குடியிருப்புகளுக்கு நடுவே இல்லை. 1867இல் டைனமைட். அதிலும் அவர் செய்தது, துள்ளுகிற நைட்ரோகிளிசரின் எண்ணெயை ஒருவகை மண்ணில் ஊற வைத்து அடக்கியதுதான்.

பாஷ் செய்ததும் நகரம் செய்ததும் ஒன்றுதான். வெடிக்கிறதையும் வெடிக்க வைக்கிறதையும் பிரி. வெடிக்கிற இடத்தையும் மனுஷன் இருக்கிற இடத்தையும் பிரி.

*

2012 செப்டம்பர் 5, சிவகாசிப் பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. நான் பிரஸ்ஸில் இருந்தேன். மத்தியானம். முதல் சத்தத்தில் யாரும் நிமிரவில்லை, நம் ஊரில் சத்தம் பழக்கம். பிறகு சத்தம் நிற்கவே இல்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தோம், புகை. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். காப்பாற்ற ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் பேப்பரில் அதே வரி வரும். "உராய்வினால் ஏற்பட்ட விபத்து." உராய்வு எங்கும் உண்டு. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று விதி இருக்கிறது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், மிச்ச மருந்தை ராத்திரி வைக்கக் கூடாது, வெயில் ஏறிய பிறகு மருந்து கலக்கக் கூடாது. எல்லாம் எழுதியிருக்கிறது. தீபாவளி நெருங்கும்போது மரத்தடியில் பாய் விரித்து உட்கார வைக்கிறார்கள். நாலு பேர் அறையில் எட்டுப் பேர். நாலு பேரோடு போக வேண்டியது எட்டுப் பேரையும் எடுத்துக்கொள்கிறது.

*

ஸ்வீடனில் 2019 ஜூன் முதல், குச்சி வைத்த ராக்கெட்டை விடப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். மருமகன் சொன்னபோது எனக்கு ஊர் ஞாபகம். ராக்கெட் குச்சி சீவிக் கட்டிப் பிழைக்கிற பெண்களை எனக்குத் தெரியும். ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் வேறு மாதிரி: புத்தாண்டுக்கு அங்கே பட்டாசில் பெரும்பகுதியை விற்பது மீட்புக் குழுக்களாம், அந்தக் காசு வருஷம் முழுக்கக் கடலிலும் மலையிலும் ஆளைக் காப்பாற்ற உதவுகிறது. அடுத்து அங்கே போக வேண்டும். பணம் சேர வேண்டும்.

*

கடைசி ராத்திரி மருமகனை விடுதிக்கு வரச் சொன்னேன். சோறும் ரசமும் வைத்தேன். அவன் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவி, போல்சுண்ட் கரையில் என்னோடு உட்கார்ந்தான். மணி பத்தாகியும் வானத்தில் நிறம் போகவில்லை. "மாமா, ரெண்டு வருஷமா இங்க இருக்கேன், இந்த எடத்துக்கு வந்ததே இல்ல" என்றான். எமில் கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. அவன் பெரியப்பா ஒருவர் மருந்து கலக்கும் அறையில் போனவர். வீட்டில் அவர் படம் மட்டும் உண்டு, பேச்சு கிடையாது.

*

கிளம்பும் முன் வரவேற்பில் கேட்டு, கதவில் மாட்டியிருந்த அந்த வரைபடத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். ஊருக்கு வந்து, பழைய பிரஸ்ஸில் சொல்லி, அதே மாதிரி தமிழில் ஒன்று அடித்து வைத்திருக்கிறேன். நடுவில் வெற்றிடம், அவரவர் ஆபீஸ் வரைபடத்தைப் போட்டுக்கொள்ளலாம். எந்த அறை, எந்த வாசல், எந்தப் பக்கம் ஓடுவது, எங்கே நிற்பது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற அம்புக்குறி. அடியில் பெரிய எழுத்தில் ஒரே வரி: "இந்த அறையில் 4 பேர்."

போர்மேன்மாருக்கும் முதலாளிமாருக்கும் என் வேண்டுகோள்: வந்து வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். ஒவ்வொரு அறைக் கதவிலும் மாட்டுங்கள். ஐந்தாவது ஆளை உட்கார வைக்காதீர்கள்.